சென்னையில் பைக் பிரியர் எங்கே வீடு பார்க்கலாம்? ஆறு பகுதிகள், ஓர் ஒப்பீடு

வேலை கிடைத்துச் சென்னைக்கு வருபவர்கள், கல்யாணமாகித் தனி வீடு தேடுபவர்கள், வாடகை ஏறிப்போனதால் ஏரியா மாற நினைப்பவர்கள் என்று பைக் மேல் ஆசை வைத்திருக்கும் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஈசிஆர் பக்கம் போயிடலாமா, இல்ல தாம்பரம் பக்கம் பார்க்கலாமா?" எந்த நெடுஞ்சாலை வீட்டுக்குப் பக்கம் என்பதிலேயே எல்லோர் கவனமும் இருக்கிறது.

அது இரண்டாவது கேள்வி என்று நான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினால் சென்னையின் எந்த மூலையிலிருந்தும் எந்த நெடுஞ்சாலையையும் ஒரு மணி நேரத்துக்குள் தொட்டுவிடலாம். அந்த ஒரு காலைப்பொழுதைத் தவிர்த்து மற்ற நேரமெல்லாம் வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது, அல்லது சிக்னலில் கொதித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் வீடு பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்கள். ராத்திரி வண்டி எங்கே நிற்கப்போகிறது? வேலைக்கு வண்டியை எடுக்காமலும் போய்வர வழி இருக்கிறதா? இந்த இரண்டும் அமைந்துவிட்டால் நெடுஞ்சாலை பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

## எதை வைத்து அளப்பது

வண்டி நிற்கும் இடம். அடுக்குமாடி விளம்பரங்களில் 'கவர்டு கார் பார்க்கிங்' என்று போட்டிருப்பார்கள். பைக்கைப் பற்றி ஒரு வரி இருக்காது. கார் உள்ளவருக்குக் கோடு போட்ட இடம். பைக் உள்ளவருக்கு லிஃப்ட் பக்கத்து இடுக்கு, மீட்டர் பெட்டிக்குக் கீழே, அல்லது சம்ப் மூடி மேல். அங்கே நாலு ஸ்கூட்டர்கள் ஒன்றோடொன்று உரசி நிற்கும். காலையில் யாரோ தன் வண்டியை எடுப்பதற்காக உங்கள் வண்டியைப் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்து நகர்த்துவார்கள். 200 கிலோ வண்டியை அப்படி இழுத்தால் ஒரு நாள் கீழே விழும். தரைத்தளத்தில் போர்டிகோ உள்ள தனி வீடு, அல்லது நாலைந்து குடித்தனம் மட்டும் உள்ள சின்ன அடுக்குமாடி, பைக்காரருக்குப் பெரிய வளாகங்களைவிட நன்றாக அமையும். கேட் பூட்டப்படுகிறதா, பேட்டரி சார்ஜர் போட ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா, வாசல் சரிவு ஏறும்போது வண்டியின் அடிப்பாகம் தட்டுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

வெள்ளம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊரில் இதை விட்டுவிட்டு வீடு பார்க்கக் கூடாது. தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்தைத் தாண்டினால் எஞ்ஜினுக்குள் போகும். பதற்றத்தில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு, 'எஞ்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் எடுக்காதவரிடம் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டிகள் வரிசையாக ஏறி நிற்பது இதனால்தான். காரை மேம்பாலத்தில் விட்டுவிட்டு வரலாம். பைக்கை அப்படி விட்டுவிட்டு வர மனசு வருவதில்லை.

வார நாள். பைக்கில்தான் அலுவலகம் என்றால் போக்குவரத்து நெரிசல். ரயிலிலோ மெட்ரோவிலோ போகலாம் என்றால் ஸ்டேஷன் எவ்வளவு தூரம். ஏப்ரல், மே மாத வெயிலில் நெரிசலில் ஊர்ந்து போகும் பெரிய வண்டிக்கு கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும், ஆயில் சீக்கிரம் கெடும், ஓட்டுபவரின் தொடை வேகும்.

ஞாயிறு. நல்ல ரோடு எவ்வளவு பக்கம், அந்த ரோடு எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

காற்றும் தண்ணீரும். கடல் உப்பு, கழுவும் தண்ணீரின் உப்பு. இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மெக்கானிக், ஸ்பேர்ஸ். கம்பெனி சர்வீஸ் சென்டர் இன்று எல்லாப் பக்கமும் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும் இது முக்கியம்.

வாடகையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்கும் ஊர் நடுவுக்கும் பக்கம் போகப் போக ஏறும், மேற்கிலும் வடக்கிலும் இறங்கும். அட்வான்ஸ் மட்டும் கவனம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. பழைய வழக்கப்படி பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேசிப் பாருங்கள்.

## 1. ஈசிஆர்: திருவான்மியூர் முதல் ஈஞ்சம்பாக்கம் வரை

ஆசை முதலில் இழுப்பது இங்கேதான். வீட்டை விட்டு இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அக்கரை தாண்டி, முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், கோவளம், அப்புறம் மாமல்லபுரம். விடியற்காலையில் இந்த ரோட்டுக்கு ஈடு சென்னையில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்தில் இட்லி, வடை சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குள் வீடு திரும்பி, குடும்பத்தோடு ஞாயிறைக் கழிக்கலாம்.

ஆனால் எட்டு மணிக்கு மேல் அதே ரோடு வேறு ரோடு. ரிசார்ட்டுக்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கும் போகும் கார்கள், திடீரென்று யூ டர்ன் அடிப்பவர்கள், கடற்கரைச் சந்துகளிலிருந்து ரோட்டில் பரவிக்கிடக்கும் மணல். சனிக்கிழமை ராத்திரி இந்த ரோட்டில் நான் வண்டி ஓட்டுவதில்லை, உங்களையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குடித்துவிட்டுக் கார் ஓட்டுபவர்களின் ரோடு அது. ரேஸ் ஓட்டுகிறார்கள் என்று போலீஸ் கெடுபிடியும் அதிகம். ஒழுங்காக ஓட்டுபவரையும் சேர்த்தே நிறுத்துவார்கள்.

மறைந்திருக்கும் செலவு உப்புக் காற்று. கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று தெரு தள்ளியிருக்கும் வீட்டில்கூட வெளியே நிற்கும் வண்டியின் செயின் ஒரு வாரத்தில் செம்பழுப்பாகிவிடும். செயினையாவது துடைத்து லூப் அடித்துவிடலாம். முன் ஃபோர்க்கின் குரோம் குழாயில் சின்னச் சின்னத் துருப்புள்ளிகள் விழுந்தால், வண்டி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவை ஆயில் சீலை அறுக்கும். சீல் மாற்றினாலும் குழாய் சரியில்லாவிட்டால் மறுபடி ஒழுகும். ஸ்போக் வீல், சைலன்சர் மூட்டு, ரேடியேட்டர் துடுப்புகள், ஒயரிங் கனெக்டர்கள் எல்லாம் இதே பாடுதான். வெறும் துணிக் கவர் போட்டு மூடுவது இங்கே பெரிய உதவி செய்யாது, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள, கடலைப் பார்க்காத பக்கத்துச் சுவரோரம் நிறுத்தி, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துருத் தடுப்பு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். இதைச் செய்யப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டுமே ஈசிஆர்.

வெள்ள விஷயத்தில் இந்தப் பகுதி ஓரளவு தேவலை. மணல் தரை, தண்ணீர் சீக்கிரம் இறங்கும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய தெருக்கள் மட்டும் விதிவிலக்கு. ரயில் வேண்டுமென்றால் திருவான்மியூரிலேயே நின்றுவிடுங்கள், பறக்கும் ரயில் இருக்கிறது. நீலாங்கரை தாண்டினால் பஸ்ஸும் சொந்த வண்டியும்தான்.

யாருக்குப் பொருந்தும்: கடல் பக்கம் வேலையும் இருந்து, வண்டியைத் துடைப்பதையே சந்தோஷமாகச் செய்பவருக்கு. குரோம் அதிகமுள்ள பழைய வண்டி வைத்திருப்பவர் இங்கே வர வேண்டாம்.

## 2. ஓஎம்ஆர்: பெருங்குடி முதல் நாவலூர் வரை

ஓஎம்ஆர் என்பது பழைய மகாபலிபுரம் சாலை. ஐடி வேலையில் இருப்பவர்கள் யோசிக்காமல் இங்கே வந்துவிடுகிறார்கள். அலுவலகம் பக்கம் என்பது உண்மைதான். பைக்காரர் என்ற முறையில் பார்த்தால் ஆறு பகுதிகளில் நான் கடைசியாக வைப்பது இதைத்தான்.

காரணங்களைச் சொல்கிறேன். இங்கே கிடைப்பது பெரும்பாலும் பெரிய அடுக்குமாடி வளாகங்கள். மேலே சொன்ன பார்க்கிங் சிக்கல் எல்லாம் இங்கேதான் முழு அளவில் இருக்கிறது. சில வளாகங்களில் பார்க்கிங் பேஸ்மெண்டில். பேஸ்மெண்ட் என்றால் மழையில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டிய இடம், கரண்ட் போனால் அந்த மோட்டாரும் நிற்கும். நில அமைப்பும் சாதகமில்லை. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மறு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் சதுப்பில் சேர்ந்து ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கால்வாய்க்கு வர வேண்டும். துரைப்பாக்கம், காரப்பாக்கம், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி ஆகிய இடங்களில் வீடு பார்ப்பவர்கள் தெருவாரியாக விசாரித்துத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர் லாரி. கோடையில் வளாகங்கள் லாரித் தண்ணீரை நம்பியே ஓடுகின்றன. அந்தச் செலவு மெயிண்டனன்ஸில் ஏறும். வண்டி கழுவக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுவிடுவார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரோட்டிலும் அதே லாரிகள்தான் வழியெங்கும் தண்ணீர் சிந்திக்கொண்டு போகும். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக நடுரோட்டில் தடுப்பு வைத்த இடங்களில் பாதை சுருங்கி, ஈரமான இரும்புத் தகடுகளின் மேல் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரு சக்கரத்துக்கு அதைவிட ஆபத்து வேறென்ன?

இங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சோழிங்கநல்லூர் சந்திப்பிலோ கேளம்பாக்கத்திலோ திரும்பினால் ஈசிஆர் பத்து நிமிடம்தான். கடலிலிருந்து கொஞ்சம் விலகியிருப்பதால் உப்பும் குறைவு. மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு இந்த வரிசை மாறலாம்.

யாருக்குப் பொருந்தும்: அலுவலகத்துக்கு நடந்தோ கம்பெனி பஸ்ஸிலோ போய்விட முடிகிறவருக்கு, அதுவும் தரைமட்டத்தில் தனக்கென்று இடம் எழுதிக் கொடுக்கும் வளாகம் கிடைத்தால்.

## 3. தாம்பரம்: கிழக்குத் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், வண்டலூர் வரை

என் வோட்டு இங்கேதான். எல்லாவற்றிலும் முதலிடம் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. எந்த அளவுகோலிலும் மோசமாகத் தோற்காத பகுதி இது.

சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் இன்னும் தனி வீடுகள் நிறைய. கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்கு என்று கட்டிய வீடுகளில் போர்டிகோவில் ஒரு பைக்குக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து சென்னை கடற்கரை ஸ்டேஷன் வரை மின்சார ரயில் அடிக்கடி ஓடுகிறது. கிண்டி, மாம்பலம், எழும்பூர் பக்கம் வேலை என்றால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறலாம். வாரம் முழுக்க நிற்கும் வண்டியின் பேட்டரி பற்றிய கவலை வேண்டாம், ஞாயிறன்று இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதுமான சார்ஜ் ஏறிவிடும். தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்கு மட்டும் தினமும் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதுதான் வண்டிக்குக் கெடுதல். எஞ்ஜின் முழுச்சூடு ஏறாமல் ஆயிலில் ஈரம் தங்கும்.

ஞாயிறன்று இங்கிருந்து திறக்கும் வழிகளைப் பாருங்கள். தெற்கே திருச்சி நோக்கிப் போகும் ஜிஎஸ்டி ரோட்டில் நேராகப் போனால் செங்கல்பட்டு, மதுராந்தகம், பறவை சீசனில் வேடந்தாங்கல். திண்டிவனத்தில் பிரிந்தால் செஞ்சிக் கோட்டை. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் ரோட்டில் போனால் கோவளம், ஈசிஆர். எதிர்ப்பக்கம் திரும்பினால் ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம். அந்த ஒரகடத்தில்தான் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 2013-இல் தொடங்கியது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் வெளிவட்டச் சாலை, அறுபது கிலோமீட்டருக்கும் மேல், நகரத்துக்குள் நுழையாமல் பெங்களூரு ரோட்டையும் திருப்பதி ரோட்டையும் கல்கத்தா ரோட்டையும் தொட்டுவிடும். ஆசைப்பட்ட திசையை முந்தைய நாள் ராத்திரி முடிவு செய்தால் போதும். ஒன்று மட்டும்: வெளிவட்டச் சாலையில் விளக்கு போடாமல் ஓரத்தில் நிறுத்திய லாரிகள் இருக்கும். இருட்டு விலகிய பிறகு போங்கள்.

குறைகளும் உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் வழியில் வெள்ளிக்கிழமை மாலையும் பண்டிகைக்கு முந்தைய நாட்களும் வண்டி நகராது. தீபாவளி, பொங்கல் சமயம் ஜிஎஸ்டி ரோட்டில் ரைடு என்ற பேச்சே வேண்டாம். மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை குறைவாகச் சொல்வார்கள். அடையாறு ஆற்றை ஒட்டிய பகுதி அது, 2015-இல் மூழ்கியது, பிறகும் தண்ணீர் வந்திருக்கிறது. குறைந்த வாடகையின் காரணம் அதுதான். கிழக்கிலும் ஏரிக்கரை ஓரத் தெருக்களில் தாழ்வான இடங்கள் இருக்கின்றன.

யாருக்குப் பொருந்தும்: ரயில் பாதையில் வேலை, நீண்ட தூர ரைடில் ஆசை, குடும்பத்தோடு அமைதியான தெரு வேண்டும் என்பவருக்கு.

## 4. மேற்கு: போரூர், ஐயப்பந்தாங்கல், பூந்தமல்லி

ரேஸ் டிராக்கில் ஓட்டும் ஆசை உள்ளவருக்கு வேறு எந்தப் பகுதியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை, சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று. கிளப் தொடங்கியது 1953. இந்தப் பாதை வருவதற்கு முன் வடக்கே சோழவரம் விமான ஓடுபாதையில்தான் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இந்தப் பாதை வந்தது. தேசிய மோட்டார்சைக்கிள் சாம்பியன்ஷிப் சுற்றுகள் இங்கே நடக்கின்றன, பயிற்சிப் பள்ளிகளும், பணம் கட்டிச் சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டும் டிராக் டேக்களும் நடக்கின்றன. பூந்தமல்லியிலிருந்து டிராக் கூப்பிடு தூரம். டிராக் டே என்றால் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், மாலை உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். திரும்பி வரும் தூரம் குறைவாக இருப்பதன் அருமை அப்போது தெரியும். வேகத்தில் ஆசை உள்ள இளைஞர்கள் ஈசிஆரில் அந்த ஆசையைத் தீர்க்க நினைப்பதைவிட இங்கே ஒரு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டுவது எவ்வளவோ மேல். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிராக்கில் விழுந்தால் பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும், எதிரே லாரி வராது.

மலை ரோடு பிடித்தவருக்கும் மேற்குதான் வாசல். பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூர் தாண்டி ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவுகள். வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை இடையே ஆறு வழியாக்கும் வேலை பல வருடங்களாக இழுத்துக்கொண்டிருக்கிறது. மாற்றுப்பாதைகளும் ஜல்லியும் பழகிவிட்டன என்று சொல்லலாமே தவிர, சுகம் என்று சொல்ல முடியாது.

வார நாட்கள் கடினம். ஆற்காடு ரோட்டிலும் மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டிலும் மெட்ரோ வேலை, கண்டெய்னர் லாரிகள், தூசி. ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே பார்க்க வேண்டியிருக்கும். உப்புக் காற்று கிடையாது. போரூர் தாண்டி மணப்பாக்கம், முகலிவாக்கம் பக்கம் போகாதீர்கள், 2015-இல் அடையாறு அங்கே என்ன செய்தது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ரயில் வசதி இல்லை. பூந்தமல்லி மெட்ரோ முழுமையாக ஓடினால் இந்த ஒரு குறை தீரும்.

யாருக்குப் பொருந்தும்: டிராக், மலை, அல்லது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை.

## 5. வடமேற்கு: அம்பத்தூர், ஆவடி, செங்குன்றம்

அதிகம் பேர் யோசிக்காத பக்கம். சென்னையின் நல்ல ரைடுகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. செங்குன்றம் தாண்டி ஜனப்பன்சத்திரத்தில் பிரிந்தால் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, ஆந்திர எல்லை தாண்டி நாகலாபுரம். வயலும் ஏரியும் மலையுமாகப் போகும் இந்த ரோட்டை நான் ஈசிஆருக்கு மேலே வைப்பேன். கல்கத்தா ரோட்டில் போனால் தடா. பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரி. பூண்டி நீர்த்தேக்கம் இன்னொரு பக்கம். எல்லாமே காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பும் தூரம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு வரம். கிடைக்காத புஷ், உடைந்த பிராக்கெட், பவுடர் கோட்டிங் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் முடியும். அம்பத்தூர், ஆவடி இரண்டும் மின்சார ரயில் பாதையில். வாடகையும் தாங்கும்.

செங்குன்றத்தில் ரயில் இல்லை, லாரிகள் அதிகம். அம்பத்தூரில் சிடிஎச் ரோடு (சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலை) குறுகல், மாலையில் ஊர்ந்துதான் போக வேண்டும். கொரட்டூர் ஏரி ஓரம் மழையில் தண்ணீர் நிற்கும். தெற்கே ஓஎம்ஆரில் வேலை என்றால் இந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள், தினமும் ஊரை முழுசாகக் கடப்பது யாருக்கும் முடிகிற காரியமில்லை.

யாருக்குப் பொருந்தும்: கூட்டமில்லாத ரோடு பிடித்தவர், தன் கையால் வண்டி வேலை பார்ப்பவர், குறைந்த வாடகையில் தனி வீடு தேடுபவர்.

## 6. ஊர் நடு: ராயப்பேட்டை, மயிலாப்பூர், எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை

ஸ்பேர்ஸுக்கு இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டிலேயே இல்லை. ஜிபி ரோட்டில் (ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு) ஹெல்மெட்டிலிருந்து இண்டிகேட்டர் வரை வரிசையாகக் கடைகள். புதுப்பேட்டையில் வேறெங்கும் கிடைக்காத பழைய பாகங்கள். நிறுத்திவிட்ட மாடல் வண்டியை ஓட்டுபவருக்கு இந்த இரண்டு இடமும்தான் உயிர். பேரம் பேசத் தெரிய வேண்டும், பில் கேட்டு வாங்க வேண்டும்.

மெட்ரோ, பறக்கும் ரயில், பஸ் எல்லாம் காலடியில். வேலைக்கு வண்டி எடுக்கவே தேவையில்லை. என் இரண்டாவது அளவுகோலில் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்.

முதல் அளவுகோலில்தான் அடிபடுகிறது. பழைய வீடுகள், குறுகிய சந்துகள், பல குடித்தனங்களுக்கு ஒரே நடை. வண்டி தெருவில் நிற்கும். தெருவில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் போகும், பிளாஸ்டிக் உடையும், சில சமயம் வண்டியே போகும். கேட்டுக்குள் இடமுள்ள வீடு இங்கே கிடைத்தால், வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் விடாதீர்கள். கிடைப்பது அரிது.

விடியற்காலைச் சத்தம் இன்னொரு சிக்கல். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். நாலரை மணிக்கு சைலன்சர் மாற்றிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்துவிடும், உங்கள் பெயர் கெட்டுவிடும். கம்பெனி சைலன்சரோடு இருங்கள். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். எந்தப் பகுதிக்கும் இது பொருந்தும், இங்கே கட்டாயம்.

யாருக்குப் பொருந்தும்: பழைய வண்டியைச் சேர்த்துக் கட்டுபவர், ஊர் நடுவில் வேலை, கேட்டுக்குள் இடம் கிடைத்தவர்.

## ஒரே பார்வையில்

| பகுதி | வண்டி நிற்க | வெள்ளம் | வண்டியில்லாமல் வேலைக்கு | ஞாயிறு ரோடு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| ஈசிஆர் | நன்று, வாடகை அதிகம் | பெரும்பாலும் தேவலை | திருவான்மியூர் மட்டும் | விடியலில் அருமை | துரு, ஃபோர்க் சீல் |
| ஓஎம்ஆர் | இடுக்கு, பேஸ்மெண்ட் | கவலை | இப்போதைக்குக் கடினம் | ஈசிஆர் பக்கம் | லாரித் தண்ணீர், மெயிண்டனன்ஸ் |
| தாம்பரம் | நன்று | கிழக்கு தேவலை, மேற்கு கவனம் | மின்சார ரயில் | எல்லாத் திசையும் | பண்டிகை நெரிசல் |
| மேற்கு | நன்று | அடையாறு ஓரம் தவிர்க்கவும் | மெட்ரோ வந்த பிறகு | டிராக், மலை | தூசி, லாரி |
| வடமேற்கு | மிக நன்று | கொரட்டூர் கவனம் | அம்பத்தூர், ஆவடி ரயில் | நாகலாபுரம், பழவேற்காடு | தெற்கே வேலை என்றால் தூரம் |
| ஊர் நடு | மோசம் | தெருவைப் பொறுத்து | மிக நன்று | எல்லாம் ஒரே தூரம் | வாடகை, திருட்டு பயம் |

இரண்டு பகுதிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஈசிஆரா தாம்பரமா என்றால், வண்டி வெளியே நிற்க வேண்டியிருக்கும் பட்சத்தில் தாம்பரம். தாம்பரமா மேற்கா என்றால், வருடத்தில் நாலு முறையாவது டிராக் போகிறவர் மேற்குக்குப் போகலாம். வடமேற்கா ஊர் நடுவா என்று தடுமாறுபவர் வீட்டு வாசலைப் பார்த்து முடிவு செய்யட்டும். கேட்டுக்குள் இடமில்லாத மயிலாப்பூர் வீட்டைவிட, இடமுள்ள அம்பத்தூர் வீடு மேல்.

## வீடு பார்க்கப் போகும்போது

புரோக்கர் காட்டும் நேரத்தில் ஒருமுறை, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் இன்னொருமுறை போங்கள். எல்லோரும் வீடு திரும்பிய பிறகுதான் பார்க்கிங்கின் உண்மை நிலை தெரியும். உங்கள் வண்டியிலேயே போய், அதை உள்ளே நிறுத்தி, ஹேண்டிலை முழுசாகத் திருப்பி வெளியே எடுத்துப் பாருங்கள். தள்ளி எடுக்க முடியவில்லை என்றால் தினமும் அதே கதைதான்.

2015-லும் 2023-லும் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். எதிரே உள்ள மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், வாட்ச்மேன் இவர்களைக் கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் கையை வைத்து உயரம் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். வெள்ளைப் படலம் தங்கினால் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அந்தத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் வெயிலில் விட்டால் டேங்கிலும் குரோமிலும் வட்ட வட்டமாகக் கறை உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்ட வீட்டில் மழைநீரைப் பிடித்து வைத்தோ, குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்கியோ கடைசி அலசல் அலசிக்கொள்ளலாம்.

பிடித்துப்போய் ஒப்பந்தம் போடும்போது, பைக் நிறுத்தும் இடம் எது, அது உங்களுக்கு மட்டும்தானா, அங்கே உள்ள பிளக் பாயிண்டை உபயோகிக்கலாமா என்பதை ஒரு வரியாகவாவது எழுதச் சொல்லுங்கள். விடியற்காலை கேட் திறக்கும் சாவி ஒன்று உங்கள் கையில் இருக்கும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், ஞாயிறுதோறும் வீட்டுக்காரரை எழுப்பிக்கொண்டிருக்க முடியாது.